இரண்டு வந்ததும் கல்யாணம்

தியாகராய நகர்,
22-12-1975

மதிப்பிற்குரிய பெரிய அத்தான் சிதம்பரநாதன் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் அய்யாதுரை கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நான், தங்கபுஷ்பம், குழந்தை ஜெயபாரதி மூவரும் நலம். பாத்திரக் கடையும் நலம். அங்கே தங்கள் நலமும் இசக்கியம்மாள் அக்காவின் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

வெற்றி, அத்தான், வெற்றி! ஜெயபாரதி கல்யாணத்துக்குத் தை மாதம் முகூர்த்தம் வைத்தாகிவிட்டது. ஐப்பசியில் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை நீங்கள் திருநெல்வேலியில் ரயில் டிக்கெட் எடுத்து, என் தந்தியைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தீர்கள். பெண்ணைப் பெற்றவனுக்கு ஒரு தேதியை உருப்படியாக வைக்கத் தெரியவில்லை என்று அக்கா தெரு முழுக்கச் சொல்லி வருவதாகக் கேள்வி. இன்னொரு தடவை தள்ளிப்போனால் சம்பந்தமே கலைந்துவிடும் என்று நானும் பயந்துதான் கிடந்தேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பிறகு அக்கா திட்டட்டும்.

மாப்பிள்ளை கனகராஜுக்கு அடையாறில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை என்பது தங்களுக்குத் தெரியும். அந்த மெஷின் தானாக ஒன்றும் செய்யாதாம். என்ன செய்ய வேண்டும் என்பதை அட்டைகளில் ஓட்டை ஓட்டையாகப் போட்டு உள்ளே கொடுக்க வேண்டுமாம். அந்த அட்டைக் கட்டுக்குத்தான் புரோகிராம் என்று பெயர். மாப்பிள்ளையின் புரோகிராம், கம்பெனியில் யாருக்கு எத்தனை நாள் லீவு என்று கணக்குப் பார்த்து லிஸ்ட் அடிக்கும். போன வருஷம் கார்த்திகையில் நிச்சயதார்த்தத்தன்று அவர் சொன்னார்: "மாமா, இப்ப வெர்ஷன் ஒண்ணு ஓடுது. ரெண்டு வந்துட்டா எனக்கு வேலை ஒழிஞ்சிரும். ரெண்டு வந்ததும் கல்யாணம்." ஒன்றுக்கு அடுத்தது இரண்டுதானே என்று நானும் நிம்மதியாகத் தாம்பூலம் மாற்றிக்கொண்டேன்.

தையில் வந்தது இரண்டு இல்லை, அத்தான். ஒன்று புள்ளி ஒன்று! மாசியில் ஒன்று புள்ளி இரண்டு. சின்னத் தப்பைத் திருத்தினால் புள்ளியாம், பெரிதாக மாற்றினால்தான் இரண்டாம். சரி, கிலோவும் கிராமும் நிறுத்துப் பிழைக்கிறவனுக்குப் புள்ளிக் கணக்கு தெரியாதா? மாதத்துக்கு ஒரு புள்ளி என்றால் புரட்டாசியில் ஒன்று புள்ளி ஒன்பது, ஐப்பசியில் இரண்டு. காலண்டரில் குறித்தேன், மண்டபத்தைப் பிடித்தேன், உங்களுக்கும் எழுதினேன். புரட்டாசியில் சொல்லிவைத்தாற்போல ஒன்பது வந்தது. ஐப்பசியில் மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டே கடைக்கு வந்தார். ஒன்று புள்ளி பத்தாம்!

"ஒன்பதுக்கு அப்புறம் பத்துதானே மாமா?"

"மாப்பிள்ளை, ஒண்ணு புள்ளி பத்துன்னா ஒண்ணு புள்ளி ஒண்ணுதான். எந்தத் தராசுல வேணா வச்சுப் பாருங்க. வருஷம் பூரா வேலை பாத்து, திரும்பத் தை மாசத்துக்கே போயிட்டீங்களா?"

"இது தராசுப் புள்ளி இல்ல மாமா."

கம்ப்யூட்டர்காரர்களுக்கு வேறு புள்ளி என்று எனக்கு யார் சொன்னார்கள்? மனசைத் தேற்றிக்கொண்டு கார்த்திகைக்குத் தேதி வைத்தால், பதினொன்று வந்து நின்றது. தங்கபுஷ்பம் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டாள். "இப்படியே நூறு வரைக்கும் போவாக போலிருக்கே. நம்ம புள்ளைக்குத் தலை நரைச்சிருமே!"

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. போன வாரம் ஜெயபாரதியையும் கூட்டிக்கொண்டு அடையாறுக்கே போய்விட்டேன். வாசலில் பியூன் கோதண்டபாணி மடக்கினார். சைதாப்பேட்டைக்காரர். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுண்டிவிட்டது.

"இன்னா நைனா, அத்த ஏன் மாத்தச் சொல்றே? சோக்கா கீது. எனக்குப் பிரசவ லீவு மூணு மாசம் போட்டுக்கீது. பொங்கலுக்கு எடுத்துக்கலாம்னு கீறேன்."

அந்தத் தப்புதான் பாக்கியாம். ஒவ்வொரு புள்ளியிலும் அதைத் திருத்தப் போய் வேறொன்று கெட்டுக்கொண்டிருந்ததாம். மேனேஜர் பெயர் வெள்ளைத்துரை. தூத்துக்குடிப் பக்கம் என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "ஐயா, நம்ம பக்கத்துல வரிசையாப் பொட்டப் புள்ளையாப் பொறந்தா என்ன செய்வோம்? போதும்பொண்ணுன்னு பேரு வைப்போம், அதோட நின்னுரும். நீங்க நம்பர் போட்டுக்கிட்டே போனா அது வந்துக்கிட்டேதான் இருக்கும். இந்தத் தடவை போதும்பொண்ணுன்னு பேரு வச்சுப் பாருங்க" என்றேன். மாப்பிள்ளை மேஜைக்கு அடியில் ஒளிய இடம் தேடினார். வெள்ளைத்துரை சிரிக்கவே இல்லை. "எங்க கடைசி அத்தை பேரு போதும்பொண்ணு. அவளுக்கு அடுத்துப் பொறந்தவருதான் எங்கப்பா" என்று சொல்லி, அட்டைக் கட்டு இருந்த பெட்டியின் மேல் அந்தப் பெயரைச் சிவப்பு மையில் தம் கையாலேயே எழுதினார்.

மாப்பிள்ளை நாலு நாள் உட்கார்ந்து அட்டைகளைத் திருத்தினார். நேற்று முன்தினம் நாங்களும் போனோம். மெஷின் அறைக்குள் போகச் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள், அத்தான், கோயில் மாதிரி! கற்பூரத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டார்கள். தேங்காயை வாசலிலேயே உடைத்தேன். மெஷின் கடகடவென்று லிஸ்ட்டைத் துப்பியது. கோதண்டபாணி, பிரசவ லீவு, இல்லை! எல்லோரும் கை தட்டினார்கள். "இதுதான் ரெண்டு. இனிமே யாரும் கை வைக்க மாட்டோம். போயி கல்யாணத்தைப் பாருங்க" என்றார் வெள்ளைத்துரை. கோதண்டபாணிதான் என்னைப் பார்த்து, "நல்லா இருந்த லிஸ்ட்டக் கெடுத்துட்டியே நைனா" என்றார். ஜெயபாரதி அந்த லிஸ்ட்டில் ஒரு படி கேட்டு வாங்கிக்கொண்டாள். கட்டிக்கொள்ளப் போகிறவர் செய்த வேலை, ஆசை இருக்காதா?

ஒரு வருஷமாக நகராத தேரை உங்கள் மைத்துனன் நகர்த்திவிட்டான். தை பதினைந்து முகூர்த்தம். இன்றைக்கே டிக்கெட் எடுத்துவிடுங்கள். இந்தத் தேதியும் மாறினால் கடைப் பலகையில் என் பெயரை அழித்துவிடுகிறேன். அக்காவுக்கும் தங்களுக்கும் எங்கள் வணக்கங்கள். பிள்ளைகள் எல்லோரும் குறைவில்லாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்து நிற்கும்
அய்யாதுரை

பி.கு.: அத்தான், டிக்கெட் எடுக்க வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது ஜெயபாரதி அந்த லிஸ்ட்டைக் கொண்டுவந்து விரித்தாள். கோதண்டபாணிக்கு மட்டுமில்லை, கம்பெனியில் வேலை பார்க்கிற அத்தனை பெண்களுக்கும் பிரசவ லீவு இல்லை என்று அடித்திருக்கிறது. "அப்பா, அன்னைக்கு கம்பெனியில என் பக்கத்துல உக்காந்து பேசினாங்களே நஸ்ருன்னிசா, அவங்களுக்கு இது ஏழாவது மாசம். அவங்க லீவு லிஸ்ட்டுல வர்ற வரைக்கும் நான் கழுத்தை நீட்ட மாட்டேன்" என்கிறாள். கடை போனிலிருந்து மாப்பிள்ளைக்கும் சொல்லிவிட்டாள். கோபம் வரவில்லை, அத்தான். என் பெண் என்று பெருமையாகத்தான் இருக்கிறது. அக்காவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். பங்குனி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். மாசிக்குள் திருத்தியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. நஸ்ருன்னிசாவின் குழந்தை யாருக்காகவும் தேதியைத் தள்ளிப்போடாது.