அரைப்பேர் உபதேசியார்

கடவுளுக்கே அரைப்பேர் போட்ட மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். பதுளை மாவட்டத்தில் மட்டுமல்ல, உலகத்திலேயே அப்படிச் செய்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். வேறு யாராவது இருந்தால் ஆசிரியருக்கு எழுதுங்கள், திருத்தம் போட்டுவிடலாம்.

அரைப்பேர் என்றால் என்னவென்று தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ‘ஒரு பேர்’ என்று பெயர். விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதைப் பெரட்டு என்பார்கள். பெரட்டுக்கு நேரத்துக்கு வந்து, சொன்ன ராத்தல் கொழுந்தைப் பறித்துக் கொடுத்தால் முழுப்பேர். பிந்தி வந்தாலோ கொழுந்து குறைந்தாலோ அரைப்பேர். மிகவும் பிந்தினால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். மாலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் கேட்பது ‘சுகமா?’ என்று அல்ல, ‘பேர் விழுந்துச்சா?’ என்றுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் நான்கு வருஷம் வாத்தியாராக இருந்தேன். பத்திரிகை வேலை பிறகுதான் வந்தது. நம்முடைய ஆள் அங்கே வாரத்தில் ஆறு நாள் கொழுந்து மலையில் கங்காணி, ஞாயிற்றுக்கிழமை சபைக்கு உபதேசியார். பதுளையிலிருந்து ஐயர், அதாவது பாதிரியார், மாதத்தில் ஒரு தடவைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம், வாசிப்பு, பிரசங்கம் எல்லாம் இவர் பொறுப்பு. நெட்டையான உருவம். காக்கிக் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். மலையில் பிடிக்கும் அதே தடியோடு கோயிலுக்கும் வருவார். சொந்தப் பேர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கோயில் என்றது ஒரு தகரக் கொட்டகையை. ஒரு காலத்தில் அது பிள்ளைக்காம்பிரா, மலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். தொட்டில் கட்டிய இரும்புக் கொக்கிகள் உத்தரத்தில் அப்படியே இருந்தன. எட்டு மணிக்கு மணி அடித்துவிட்டு உபதேசியார் கைக்கடிகாரத்தோடு வாசலில் நிற்பார். முதல் பாட்டு முடிவதற்குள் வந்தால் முழுப்பேர். அதற்குப் பிறகு வந்தால்:

“அரைப்பேர். போய் ஒக்காரு.”

பிரசங்கத்தில் தூங்கினால் அரைப்பேர். பாடாமல் வாயை மட்டும் அசைத்தாலும் அரைப்பேர். இதை எந்தப் புத்தகத்திலும் அவர் எழுதி வைத்ததில்லை, எல்லாம் தலைக்குள்ளே. ஒரு கிறிஸ்துமஸ் காலையில் ஒருவரைப் பிடித்து, “இந்த வருஷத்துல ஒனக்குப் பதினேழு அரைப்பேர்” என்றார். அந்த ஆள் மறுக்கவில்லை. மறுக்க அவருக்கு ஞாபகம் இருக்க வேண்டுமே.

ஒரு தடவை ஸ்பிரிங்வெளி பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. ஐயர் முக்கால் மணி நேரம் பிந்தி, சேற்றில் ஊறிய சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். வாசலில் தடி குறுக்கே நின்றது.

“ஐயருக்கு அரைப்பேர்.”

“பஸ் நின்னு போச்சு உபதேசியாரே.”

“மலையில அப்புடிச் சொன்னா ஏத்துக்குவாங்களா ஐயா?”

ஐயர் சிறிது யோசித்தார். ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று ஒப்புக்கொண்டு உள்ளே போனார்.

மற்றவர்களிடம் இப்படிக் கறாராக இருந்தவர் தன்னிடம் அதைவிடக் கறார். நாளுக்கு நான்கு வேளை ஜெபம், வெறும் சிமெந்துத் தரையில் முழங்கால் போட்டு. வெள்ளிக்கிழமை பட்டினி. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாளும் தேத்தண்ணி கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தேயிலை நிற்க, நடுவில் இவர் ஒருவர் சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். “கங்காணி, ஒங்க வேதம் பரவுச்சுன்னா நம்ம தோட்டத்த மூடணும்” என்று தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஐயா கவலைப்பட்டார்.

“எனக்கு ஒரு நாளும் அரைப்பேர் விழுந்ததில்ல வாத்தியார்” என்று என்னிடம் அடிக்கடி சொல்வார். “மேல பெரட்டுல என் பேரக் கூப்புடும்போது நெஞ்ச நிமித்திக்கிட்டு நிப்பேன். கைநீட்டிச் சும்மா வாங்க மாட்டேன். ஒழைச்சு வாங்குவேன்.”

தோட்டத்தில் பெரும்பாலானவர்கள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு இவர் நல்ல பொழுதுபோக்கு. “எங்க பக்கம் வந்திரு கங்காணி. எங்க அம்மா பிந்தி வந்தவனுக்கும் கஞ்சி ஊத்துவா” என்பார் பூசாரி.

“அதான் ஒங்க கோயிலுக்கு எல்லாரும் பிந்தி வாராங்க” என்பார் இவர்.

எங்கள் சபையின் நிரந்தர அரைப்பேர் ஞானம்மா. கொழுந்து பறிப்பவள், நான்கு பிள்ளைக்காரி. ஞாயிறு காலையில் தண்ணீர்ப் பீலியில் வரிசையில் நின்று, நாலையும் குளிப்பாட்டித் தலைவாரி இழுத்து வரும்போது இரண்டாம் பாட்டு ஆரம்பித்திருக்கும். அதற்கு முந்தவும் மாட்டாள், பிந்தவும் மாட்டாள்.

“மொதப் பாட்டு ஒனக்கு என்ன பாவம் செஞ்சிச்சு?” என்று கேட்பார்.

“ரெண்டாம் பாட்டு ராகம் நல்லாருக்கு உபதேசியாரே.”

“அரைப்பேர்.”

“சரிங்க” என்று போய் உட்கார்ந்து, முழுப்பேர்க்காரர்கள் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடுவாள்.

இனி கடவுள் விஷயம். ஒரு ஞாயிறு வாசிப்புக்கு, திராட்சத் தோட்டத்துக் கூலியாட்களைப் பற்றி இயேசு சொன்ன கதை வந்தது. விடியற்காலையில் வேலைக்கு இறங்கி வெயிலில் காய்ந்தவர்களுக்கும், பொழுது சாயும்போது வந்து ஒரு மணி நேரம் வேலை செய்தவர்களுக்கும் தோட்டத்துச் சொந்தக்காரர் ஒரே கூலி கொடுத்துவிடுகிறார். முந்திய வருஷங்களில் இந்தப் பக்கத்தை உபதேசியார் எப்படித் தாண்டினார் என்று தெரியாது. அன்று கடைசி வரிவரை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“இது எந்தத் தோட்டம்னு தெரியல” என்றார். “ஆனா இப்புடிச் செஞ்சா மறுநாள் காலப் பெரட்டுக்கு ஒருத்தன் வரமாட்டான். அம்புட்டுப் பேரும் சாயங்காலம் வருவான். அந்தத் தொரை செஞ்சது சரியில்ல. அவருக்கு அரைப்பேர். ஜெபிப்போம்.”

எல்லோரும் தலைகுனிந்தோம். ஞானம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்தாள்.

செய்தி பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் ஐயர் வந்ததும் முதல் வேலையாகக் கேட்டார்.

“உபதேசியாரே, அந்தக் கதையில வர்ற தொரை யாருன்னு தெரியுமா?”

“யாருங்க ஐயா?”

“ஆண்டவர்.”

உபதேசியாரின் முகம் வெளுத்தது. தடியால் தரையைத் தட்டினார். ஆனால் கங்காணி கங்காணிதானே.

“அப்ப கங்காணி மேலதான் தப்பு ஐயா. தொரைக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்னு சொல்ல முடியுமா? கங்காணி எடுத்துச் சொல்லியிருக்கணும்.”

ஐயர் அன்றைக்கு வேறொரு பிரசங்கம் தயாரித்து வந்திருந்தார். அதையே செய்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

அந்த வருஷம் கார்த்திகை மழையில் உபதேசியார் மலையில் வழுக்கி, தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தார். வலது கால் முறிந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டு, லயம் என்ற வரிசை வீட்டில் அவருடைய காம்பிராவுக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஆறு வாரம் அசையக் கூடாது என்பது உத்தரவு.

வேலையில் பட்ட அடி என்பதால், படுத்திருக்கும் நாட்களுக்கும் பேர் விழும் என்று கிளாக்கர் ஐயாவே வந்து சொன்னார்.

“வேணாங்க.”

“சட்டம் கங்காணி. நீங்க வேணாம்னாலும் விழும்.”

அதன் பிறகு மாலையில் யார் அந்தப் பக்கம் போனாலும் “பேர் விழுந்துச்சா?” என்று கேட்பார். விழுந்தது என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பேர் விழுந்ததற்காக முகம் வாடிய தொழிலாளியை அந்தத் தோட்டம் முன்பு பார்த்ததில்லை.

அவருக்கு உண்மையான வலி காலில் இல்லை என்று எனக்குப் புரிய மூன்று வாரம் ஆனது. முழங்கால் போட முடியவில்லை. வெறும் வயிற்றில் விழுங்கக் கூடாத மாத்திரை என்பதால் வெள்ளிக்கிழமைப் பட்டினியும் போனது. மருந்து மயக்கத்தில் ஜெபத்துக்கு நடுவிலேயே தூங்கிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி கேட்கிறது, அடிப்பது வேறு கை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டுப் பார்க்கப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வாத்தியார், இப்ப மேல கூப்புட்டா நான் என்னத்தச் சொல்லி நிப்பேன்? மூணு வாரமா ஒரு பேர் இல்ல.”

“முன்ன செஞ்சது இருக்கே உபதேசியாரே.”

“அதத்தான் படுத்துக்கிட்டு நெனச்சுப் பாக்குறேன். முழங்கால் போட்டுக்கிட்டே, நாளைக்கு எந்த மலைக்கு எத்தன ஆள்னு கணக்கு ஓட்டிக்கிட்டு இருந்த நாளுதான் ஜாஸ்தி. அதுக்கு அரைப்பேர் கூடப் போட முடியாது. என்கிட்ட ஒண்ணும் இல்ல வாத்தியார்.”

பயந்த மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் பயந்து அன்றுதான் பார்த்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆறாவது ஞாயிறு ஐயர் வந்து, ஞானம்மாவுக்குப் புதிதாகப் பிறந்திருந்த ஐந்தாவது பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கோயில் விட்டதும் அவள் குழந்தையோடு நேரே உபதேசியார் காம்பிராவுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

“பேர் வச்சாச்சு உபதேசியாரே. எஸ்தரு.”

“நேரத்துக்குப் போனியா?”

“ரெண்டாம் பாட்டு.”

“அப்ப அரைப்பேர்.” படுக்கையில் கிடந்தாலும் வாய்க்குப் பழக்கம் விடவில்லை.

“யாருக்கு? எனக்கா, இவளுக்கா?”

அவர் குழந்தையைப் பார்த்தார்.

“எனக்குன்னா சரிங்க. இவளுக்கு எப்புடி? இவ எந்தப் பெரட்டுக்குப் போனா, எத்தன ராத்தல் எடுத்தா? ஐயர் தண்ணி ஊத்தும்போது தூங்கிக்கிட்டு வேற இருந்தா. அதுக்கும் ஒங்க சட்டத்துல அரைப்பேருதான். அதுக்காக ஐயர் ‘எஸ்’ஸுன்னு சொல்லிட்டு நிப்பாட்டுனாரா? முழுப்பேரும்தான வச்சாரு?”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அதற்கு நான் சாட்சி. உபதேசியார் சிரிக்கவில்லை. அந்தச் சபையில் எந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தாலும் தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஐயருக்குப் பக்கத்தில் நிற்பவர் அவர். ஒரு ராத்தல் கொழுந்து எடுக்காதவர்களுக்குப் பேர் விழுவதை இருபது வருஷம் ஒரு முழ தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார். பார்த்தது அன்றுதான் கண்ணில் பட்டது போலும்.

“இங்க குடு” என்று இரண்டு கையையும் நீட்டினார்.

குழந்தையை வாங்கி மார்பில் சாய்த்துக்கொண்டார். அது விழிக்கவில்லை. யாரையும் பார்க்காமல், “சும்மாதான் குடுக்குறாரு, இல்ல?” என்றார்.

“சும்மாதாங்க” என்றாள் ஞானம்மா. “இல்லாட்டி நாலு புள்ளய இழுத்துக்கிட்டு நான் எதுக்கு ஓடியாந்து இம்புட்டுச் சத்தமாப் பாடுறேன்?”

அவர் முகம் தெளிந்து, உடனே மறுபடி கலங்கியது. “வாத்தியார், அந்தத் தொரைக்கு அரைப்பேர் போட்டுட்டேனே. அத இப்ப எப்புடி மாத்துறது?”

“அவரு அதையெல்லாம் மனசுல வச்சிருக்க மாட்டாருங்க” என்று ஞானம்மாவே பதில் சொன்னாள். “புள்ளயக் குடுங்க, கம்பளிய நனைச்சிரும்.”

நனைத்துவிட்டிருந்தது. அவர் குழந்தையைக் கொடுக்கவில்லை.

ஊன்றுகோலோடு அவர் கோயிலுக்குத் திரும்பி வந்த முதல் ஞாயிறு, அன்றைய வாசிப்பு அட்டவணையில் இல்லாத திராட்சத் தோட்டத்துக் கதையைத் தேடிப் பிடித்து வாசித்தார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி, “இந்தத் தொரைக்கு முழுப்பேர். அன்னைக்கு நான் சொன்னது தப்பு” என்றார். வேறு பிரசங்கம் இல்லை.

அதற்காக ஆள் மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். எட்டு மணிக்கு மணி, வாசலில் கைக்கடிகாரம், எல்லாம் பழையபடியே. பிந்தி வருகிறவர்களைப் பார்த்து “முழுப்பேர்” என்பார், கசாயம் குடித்த முகத்தோடு.

“சிரிச்சிக்கிட்டுச் சொல்லுங்க உபதேசியாரே” என்பாள் ஞானம்மா.

“குடுக்குறதே பெரிசு. சிரிப்பு வேறயா?”

வெள்ளிக்கிழமைப் பட்டினியையும் அவர் விடவில்லை. ஈஸ்டருக்கு முந்திச் சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, இன்னும் எதற்கு என்று கேட்டேன்.

“பேருக்காக இல்ல வாத்தியார். அவரு சும்மா குடுத்துட்டாரு. நானும் சும்மா ஏதாச்சும் செய்யணும்ல.” ஒரு மிடறு குடித்துவிட்டு, “ஆனா தேத்தண்ணிதான் நல்லாருக்கும்” என்றார்.

பத்திரிகையில் வேலை கிடைத்துத் தோட்டத்தை விட்டுப் புறப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெட்டி கட்டி முடித்து, சொல்லிக்கொள்ளக் கோயிலுக்கு ஓடினேன். கடைசிப் பாட்டின் கடைசி அடி போய்க்கொண்டிருந்தது. வாசலில் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். உதடு ‘அ’ என்று பிரியத் தொடங்கி, பெரும் பிரயாசையோடு திரும்பி வந்தது.

“முழுப்பேர், வாத்தியார்” என்றார்.

அதற்குப் பிறகு என் பேர் பத்திரிகையில் எத்தனையோ தடவை வந்துவிட்டது. எல்லாம் அலைந்து திரிந்து, ஆசிரியரிடம் ஏச்சு வாங்கிச் சம்பாதித்தவை. மறுநாளே கடைகளில் பருப்பும் சீனியும் சுற்றப் போய்விட்டன. அன்று சும்மா கிடைத்த அந்த ஒன்றுதான் இன்னும் என்னிடம் இருக்கிறது.