எதையும் கொங்சி போடாத பூட்டு அண்ணன்

ஜொகூர் மாநிலத்திலேயே எதையும் யாரோடும் பங்கு போடாத, கொங்சி போடாத ஒரே மனிதர் எங்கள் பூட்டு அண்ணன்தான். மாசாயில் நான் வேலை பார்த்த சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் சர்வர் பொறுப்பு அவருக்கு. ஆபீஸ் ஃபிரிட்ஜில் இருக்கும் அவர் சோற்று டப்பாவுக்குப் பூட்டு. மோட்டார் சைக்கிளில் பின்னால் யாரையும் ஏற்ற மாட்டார். கல்யாண வீட்டுக்கும் சொந்த டம்ளரோடு போவார் என்பார்கள். நானே பார்த்தேன்.

கிளவுடில் ஒரே சர்வரை வாடகைக்கு எடுத்து எல்லாக் கஸ்டமரையும் அதில் போடச் சொன்னார் பாஸ். அண்ணன் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது. ஃபிளாட்டில் மேல்மாடிக்காரன் துணி துவைத்தால் நம் குழாயில் தண்ணி நூலாக வருமே, அதே கதைதான் என்றார். நடுச்சுவரும் மெல்லிசு, ஓட்டை விழுந்தால் நம் விவரமெல்லாம் பக்கத்து ஆள் கையில் என்றார். பாஸ் கேட்கவில்லை. அண்ணன் எங்கள் கஸ்டமர்களில் ஒன்றான டயாலிசிஸ் சென்டரின் விவரங்களை மட்டும் இன்னொரு தனி சர்வரில் தினமும் நகல் எடுத்து வைத்தார். கிறுக்கு என்று சிரித்தோம், நான்தான் சத்தமாக.

தீபாவளிக்கு முந்தின வாரம், அதே வாடகைச் சர்வரில் இருந்த செருப்புக் கடை ஆன்லைனில் மலிவு விற்பனை போட்டது. ஜனம் மொய்த்ததில் சர்வர் திணறி, டயாலிசிஸ் சென்டரில் ஸ்கிரீன் அப்படியே நின்றுவிட்டது. அங்கே கால் வீங்கிக் காத்திருந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். போன தடவை எடை, மருந்து அளவு எதுவும் தெரியாமல் ஆரம்பிக்க முடியாது என்று நர்ஸ் போனில் சொல்லிவிட்டார். அண்ணன் மேசைக்கு ஓடினேன்.

"அண்ணே, அப்பா அங்க இருக்காரு" என்றேன்.

பாஸ் போனில், சேல் முடியட்டும் லா, எதையும் மாத்தினா வேலை போயிடும் என்றார். அண்ணன் காதிலேயே வாங்கவில்லை. சென்டரைத் தனி சர்வருக்குத் தூக்க ஆரம்பித்தார். பதற்றத்தில் நான் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தேன்.

"தள்ளி நில்லுமா. உங்கப்பா ரெக்கார்டா இருந்தாலும் நீ பாக்கக் கூடாது."

நர்ஸிடம் புது பாஸ்வேர்டு சொல்லக்கூட வராந்தாவுக்குப் போனார், மகராசன். டீ ஆறுவதற்குள் அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டது.

பாஸ் சொன்னபடியே அவரை அனுப்பிவிட்டார். இப்போது சிங்கப்பூரில் வேலை. லீவு கிடைத்தால் எல்லைப் பாலத்து ஜாமில் வெந்து, நேராக சென்டருக்குத்தான் வருகிறார், அப்பா பக்கத்தில் உட்கார. ஊசி குத்தும்போது அப்பா இப்போதெல்லாம் என் கையைத் தேடுவதில்லை, அவர் கையைத்தான் தேடுகிறார்.