அமர்ந்த நிலையில் ஒரு முதியவர்

ஓவியக் கல்லூரியில் நான்கு ஆண்டு படித்துத் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்த ஒருவருக்கு வேலை கிடைக்காமல் போவது உலக வழக்கம். அதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. இவருக்கு வேலை கிடைத்துவிட்டது. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நம் பட்டதாரி, ஓவியம்தான் படிப்பேன் என்று வீட்டில் ஒற்றைக் காலில் நின்று சேர்ந்தவர். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். படிப்பு முடிந்த ஓராண்டுக்குள் படித்த துறையிலேயே வேலை கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அக்கா கணவரின் மெத்தைக் கடைக்கு மறுபேச்சில்லாமல் போய்விட வேண்டும். அத்தான் நல்ல மனுஷர். "மெத்தை உறையிலயும் பூப்படம் இருக்கு தம்பி. உனக்கு வித்தியாசமே தெரியாது" என்று ஆறுதலாகச் சொன்னார். அன்று ராத்திரி பட்டதாரி சாப்பிடவில்லை.

பதினொரு மாதம் ஓடிவிட்டது. விளம்பரக் கம்பெனி, நாட்காட்டி அச்சகம், பாடப்புத்தக அலுவலகம் என்று ஏறாத படி இல்லை. எல்லா இடத்திலும் முன் அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அனுபவம் எங்கே கிடைக்கும் என்று இவர் கேட்டால், வேலைக்குப் போனால் கிடைக்கும் என்றார்கள். கடைசியில் படித்த கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவிலேயே போய் நின்றார்.

வேலைவாய்ப்பு அதிகாரிக்கும் அப்போது நெருக்கடிதான். தரவரிசைக் குழு வரப்போகிறது. அதன் படிவத்தில் 'படித்த துறையிலேயே வேலை பெற்றோர்' என்ற கட்டம் ஒன்பது ஆண்டுகளாகக் காலியாக இருந்தது.

"இங்கயே ஒரு இடம் இருக்கு" என்றார் அதிகாரி.

"ஆசிரியர் வேலையா சார்?"

"வகுப்புலதான் இருக்கணும். பிள்ளைங்க காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் உங்களையேதான் பாத்துட்டு இருப்பாங்க. நீங்க பேசக்கூட வேண்டாம்."

உருவப்பட வகுப்பில் மாணவர்கள் பார்த்து வரைவதற்காக ஒரு பெரியவர் முப்பத்தோரு ஆண்டுகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போன மாதம்தான் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலிதான் காலி.

"சார், நான் படம் வரையப் படிச்சவன்" என்றார் பட்டதாரி.

"ஓவியத்துல வேலைன்னா, படத்துக்கு வெளியில நின்னு வரையறது மட்டும்தானா? படத்துக்கு உள்ள இருக்கிறதும் அதுல அடங்கும். யோசிச்சுப் பாருங்க. வரையறவன் போயிடுவான், படத்துல இருக்கிறவன் நிப்பான்."

மெத்தைக் கடையை நினைத்தபோது பட்டதாரிக்கு இதில் ஒரு நியாயம் இருப்பதாகப் பட்டது. விண்ணப்பம் போட்டார்.

நேர்முகத் தேர்வுக்கு நாற்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். அத்தனை பேரும் அதே கல்லூரியில் படித்தவர்கள். ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும் என்பது சோதனை. இரண்டு கண்காட்சி நடத்தியவர் ஒருவர், தகுதி அதிகமாக இருக்கிறது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். இன்னொருவர் இருபதாவது நிமிடத்தில் தும்மினார். பதினொரு மாதமாக அலுவலகப் பெஞ்சுகளில் கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்து பழகிய நம் ஆளுக்கு இமைகூட அசையவில்லை.

அப்புறம்தான் சிக்கல் தெரியவந்தது. பாடத்திட்டத்தில், 'அமர்ந்த நிலையில் ஒரு முதியவர். வயது அறுபதுக்குக் குறையாமல். முகத்தில் சுருக்கங்களும் துயரமும் தெளிவாகத் தெரிதல் வேண்டும்' என்று இருந்தது. பணி விதிகளிலோ, 'சேரும்போது வயது முப்பதுக்கு மிகாமல். ஓவியத்தில் பட்டம் கட்டாயம்' என்று இருந்தது. பாடத்திட்டத்தை மாற்றக் கல்விக் குழு கூட வேண்டும். பணி விதியை மாற்ற நிர்வாகக் குழு கூட வேண்டும். நீங்கள் முதலில் கூடுங்கள் என்று இரண்டும் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டே பல வருடமாகிவிட்டது.

"மூஞ்சி வழவழன்னு இருக்கேப்பா" என்று முதல்வர் உதட்டைப் பிதுக்கினார்.

"சுருக்கத்த நானே வரைஞ்சுக்கிறேன் சார்" என்றார் பட்டதாரி. எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

துறைத் தலைவர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உருவத்தை வரையாதே, உருவத்தைக் கடந்து போ என்று நான்கு ஆண்டுகள் இவரை வாட்டி எடுத்தவர் அவர்தான். "நான் சொன்னேனே, ஞாபகம் இருக்கா? இதத்தான் சொன்னேன்" என்றார்.

ஆணை கிடைத்தது. 'உருவமாதிரி, அமர்வுப் பிரிவு, இரண்டாம் நிலை.' பன்னிரண்டு ஆண்டு பழுதில்லாமல் உட்கார்ந்தால் நிற்புப் பிரிவுக்குப் பதவி உயர்வு உண்டு. அப்பா தெருவெல்லாம் சொல்லி மாய்ந்துபோனார். அம்மாவுக்குத்தான் விவரம் தேவைப்பட்டது.

"நாற்காலி குடுத்திருக்காங்களாடா?"

"அதுதாம்மா குடுத்திருக்காங்க."

"ஃபேன்?"

"தலைக்கு நேர் மேல இருக்கு. முடி பறக்கும்னு போட மாட்டாங்க."

தினமும் காலை ஏழரைக்குக் கழுவுமிடத்துக் கண்ணாடி முன்னால் நின்று நெற்றியில் ஏழு கோடு, கண்ணுக்குக் கீழே நிழல், கன்னத்தில் பள்ளம் என்று நாற்பது நிமிடம் வரைவார். கல்லூரியிலேயே உருப்படியான ஓவியம் அது ஒன்றுதான். மாணவர்கள் அதைப் பார்த்து மோசமாக வரைவார்கள். சாயங்காலம் இவர் அதைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். முதல் வாரம், முகத்தில் துயரம் போதவில்லை என்று துறைத் தலைவர் குறை சொன்னார். இரண்டாம் மாதத்திலிருந்து அந்தக் குறை வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொந்தமாக வரையலாம் என்று வாங்கிய கேன்வாஸ் பீரோவுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போயிருந்தது. அதைவிட, வரைய ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் அவரைத் தின்றது.

ஆறாம் ஆண்டு மாணவர் சேர்க்கையின்போது வேலைவாய்ப்பு அதிகாரி ஒரு அம்மாவையும் மகளையும் வகுப்புக்குள் கூட்டிவந்தார்.

"இவரு எங்க பழைய மாணவர். தங்கப் பதக்கம். படிச்ச துறையிலேயே நிரந்தர வேலை."

"பாத்துக்கோடி" என்றார் அந்த அம்மா. "எவ்ளோ அடக்கமா உக்காந்திருக்காரு."

பெண் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். "சார், இந்தச் சுருக்கமெல்லாம் நீங்களா வரைஞ்சீங்க? மூணாவது கோடு ரொம்ப நல்லா இருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். ஆறு ஆண்டில் அவருடைய ஓவியத்தைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பத்தே நிமிடத்தில் அவரை வரைந்து காட்டினாள். படத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இருபத்துமூன்று வயதில் கண்ணாடியில் பார்த்த முகம் அப்படியே இருந்தது.

ஓடிப்போயிடும்மா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குத் துடித்தது. ஆனால் விதி பதினொன்று, உருவமாதிரி பணி நேரத்தில் வாய் திறத்தல் கூடாது என்கிறது. வாய் திறந்தால் வேலை போகும். வேலை போனால் மெத்தைக் கடை. அவர் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் முகத்தைக் கழுவிவிட்டு ஒரு மனு எழுதினார். அந்தப் பெண்ணைக் காப்பாற்றத்தான் எழுதினார் என்று நினைத்தால் நீங்கள் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்ததில்லை என்று அர்த்தம். இவள் நான்கு ஆண்டில் பட்டம் வாங்கிவிடுவாள். இவள் கைக்குச் சுருக்கம் தன்னைவிட நன்றாக வரும். இருப்பது ஒரே நாற்காலி. 'உருவமாதிரிப் பணியின் தரத்தைப் பேணும் பொருட்டு, இளங்கலைப் பட்டம் போதாது, முதுகலைப் பட்டத்தைக் கட்டாயமாக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்திருந்தார்.

கூடவே கூடாத இரண்டு குழுவும் அடுத்த வாரமே கூடின. முதுகலை வகுப்பில் சேர ஆள் இல்லாமல் அவர்களும் தவித்துக்கொண்டிருந்தார்கள். விதி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. அந்தப் பெண் அதை இரண்டு முறை படித்துவிட்டு, கல்லூரியில் சேரும் விண்ணப்பத்தைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போனாள். இப்போது அத்தான் கடை மெத்தை உறைகளுக்கு அவள்தான் பூ வரைகிறாள். விற்பனை பிய்த்துக்கொண்டு போகிறதாம்.

அறிவிப்பின் கடைசி வரியை நம்மவர் மறுநாள்தான் படித்தார். 'இவ்விதி தற்போது பணியில் உள்ளோருக்கும் பொருந்தும்.'

முதுகலை வகுப்பு தொடங்கிய அன்று, கட்டண வரிசையில் நின்று ரசீது வாங்கிக்கொண்டு ஓடி வந்ததில், முகத்தில் ஒரு கோடு போடக்கூட நேரமில்லை. முதுகலை வகுப்புக்கும் அதே நாற்காலிதான். நேராகப் போய் உட்கார்ந்தார். துறைத் தலைவர் வருகைப் பதிவேட்டை விரித்தார்.

"எண் ஏழு."

எண் ஏழு இவர்தான். விதி பதினொன்றின்படி அவர் வாய் திறக்கவில்லை.

"எண் ஏழு வந்திருக்கா?"

அவர் இமைக்கவில்லை. துறைத் தலைவர் 'வரவில்லை' என்று குறித்துக்கொண்டார். "பணத்தக் கட்டிட்டு முத நாளே வராம இருக்கான் பாருங்க" என்று வருத்தப்பட்டார். பிறகு மற்ற மாணவர்களை நாற்காலியின் பக்கம் திருப்பினார்.

"அந்த முகத்த நல்லா கவனிங்க. அறுபது வயசு முகம்னா இப்படித்தான் இருக்கும். இன்னைக்குத்தான் சுருக்கம் ரொம்ப இயல்பா வந்திருக்கு."