தருமராசா முறைத்த பிள்ளைகள்

மலை ஊருக்குக் கரண்டு வருவதற்கு முன்பே நீதியானந்தர் வந்துவிட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பக்தியும் ஒழுக்கமும் போதிக்க வந்தவர். கையில் புத்தகம் இல்லை. ஆளுயரத் தருமராசா படம் இருந்தது. பொய் சொன்ன பிள்ளை எந்தப் பக்கம் நடந்தாலும் தருமராசாவின் கண் துரத்தும் என்றார். பிள்ளைகள் நடந்தார்கள். துரத்தியது! அடிவாரத்துப் படவேட்டிலிருந்துகூட ஜனங்கள் மலையேறி வந்தார்கள்.

பரிகாரம் இல்லாமலா? ஒரு குடம் மலைத்தேன் கொடுத்த பிள்ளை, கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடி நடக்கும்.

"இப்ப பாக்குதா?"

"இல்லீங்க சாமி!"

பாவம் தீர்ந்தது. கண்ணை மூடினால் எந்தப் படம் தெரியும் என்று கேட்க வாய் இல்லை; எல்லா வாயும் கோவிந்தா போட்டுக்கொண்டிருந்தது.

மாணிக்கம்மாளிடம் தேன் இல்லை. தேனெடுக்கப் பாறையில் இறங்கிய கணவன் சடையன் போன வருஷம் பிணமாகத்தான் மேலே வந்தான். மகள் காந்தா மூன்றாம் வகுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் பரிகாரம் செய்யாவிட்டால் பேரை நீக்கிவிடுவேன் என்றார் தலைமையாசிரியர் சக்கரவர்த்தி. பி.ஏ. படித்தவர்.

"நான் பொய்யே சொல்லலம்மா. ஆனா பாக்குதே!"

"பாத்தா இன்னாடி? உங்கப்பா போட்டோ பாக்கல?"

திருப்பத்தூர் ஸ்டுடியோவில் எடுத்த படம். மாணிக்கம்மாள் எங்கே போனாலும் சடையன் அவளையே பார்ப்பான். அதனோடு பேசிக்கொண்டுகூட இருந்தாள். ஒருநாள் வாசலில் நின்ற காந்தா, "அப்பா என்னியே பாக்குறாரு" என்றாள். அடுப்படியில் இருந்த இவளையும் அப்போது அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். படத்தின் சூட்சுமம் அன்று புரிந்தது. புரிந்ததும் அழுதாள்.

வெள்ளிக்கிழமை, கூட்டத்தின் நடுவே எழுந்தாள்.

"சாமி, இந்தப் பக்கம் எம் பொண்ணு நிக்கட்டும். அந்தப் பக்கம் ஹெட்மாஸ்டர் ஐயா நிக்கட்டும். யாரைப் பாக்குது?"

"என்னை!" என்றாள் காந்தா.

"எ... என்னைத்தான்" என்றார் தலைமையாசிரியர். வியர்த்துவிட்டது.

"ஐயா இன்னா பொய் சொன்னீங்க?"

"என்னியும் பாக்குதும்மே!" மூலைக்கு மூலை குரல்.

"ஊரே பாவிங்க!" என்று கர்ஜித்தார் நீதியானந்தர்.

"அப்போ நீங்க நடங்க சாமி. கண்ணைத் தொறந்துகினு."

சாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு நடந்தார். நேராகத் தேன்குடங்களின் மேல் விழுந்தார். எழுந்தபோது பக்தியோடு அவரை மொய்த்தவை ஈக்கள் மட்டும்தான்.

காந்தாவின் பேர் நீங்கவில்லை. தருமராசா எல்லாரையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்; எதையும் பார்க்காதவர்கள் நாம்தான். பிள்ளைக்கு ஒழுக்கம் சொல்ல வருகிறவன் முதலில் கண்ணை மூடச் சொன்னால், பெற்றவர்களே, நீங்களாவது திறந்து வையுங்கள்.