மேனேஜருக்கு நான் வாசித்த வாழ்த்துரை

எனக்கு மேடை பயம் கிடையாது. மேடையில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்துத்தான் பயம். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரே ஒரு முறை மைக்கைப் பிடித்தேன். அதோடு சரி.

அப்போது திண்டிவனம் ரோட்டில் ஒரு உரக் கம்பெனி டிப்போவில் பில் போடுகிற வேலை எனக்கு. மொத்தம் ஏழு பேர். மேனேஜருக்கு எங்கள் பெயர் எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. நான் வல்லத்திலிருந்து வருவதால் "ஏய் வல்லம்". ஸ்டாக் பார்க்கிற கலா அக்கா மேல்மலையனூரிலிருந்து வருவதால் "ஏய் மலையனூர்". கூப்பிட்ட அடுத்த நொடி போய் நிற்காவிட்டால் பில் புக் பறந்து வரும். (குறி தப்பாது. சின்ன வயசில் மாங்காய் அடித்த கை போலிருக்கிறது.)

அமாவாசை வந்தால் கலா அக்காவுக்குக் கண்டம். அங்காளம்மன் கோயில் கூட்டத்தில் பஸ் நகராது, பத்து நிமிஷம் லேட்டாகிவிடும். அதற்குத் தண்டனையாகச் சாப்பாட்டு நேரம் வரை டிப்போ வாசலில் நிற்க வேண்டும். ஐம்பது வயசுப் பொம்பளை, உரம் வாங்க வருகிற ஊர்க்காரர்கள் எதிரில் தலை குனிந்து நிற்பார். எங்களில் ஒருத்தருக்கும் வாய் வராது. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் ராஜினாமாக் கடிதம் எழுதி ஹேண்ட்பேக்கில் வைத்துவிட்டார். அந்த வாரமே மேனேஜருக்கு, அவரே கேட்டு வாங்கிய டிரான்ஸ்பர், சொந்த ஊருக்கு வந்தது. "சனியனே தொலையுது, நான் ஏன் போவணும்?" என்றார் அக்கா. கடிதம் பையிலேயே கிடந்தது.

வழியனுப்பு விழாவில் பேச என்னைப் பிடித்தார்கள். பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கினவன் என்று நானே அளந்து வைத்திருந்தேன். (ஆறுதல் பரிசு. ஒரு சோப்பு டப்பா.) "போற ஆளுதானே, இன்னா பண்ணிடுவாரு? நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுடு" என்று அக்கா தைரியம் சொன்னார். எழுதினேன். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று படித்தபோது எனக்கே புல்லரித்தது. என் மனைவி மட்டும், இதெல்லாம் நீங்களா பேசப்போறீங்க என்று இரண்டு தடவை கேட்டாள்.

உர மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு மேனேஜருக்குச் சால்வை போர்த்தினோம். மாலை, கடைசியில் போடுவதற்காகத் தட்டில் இருந்தது. மைக்கைப் பிடித்து நிமிர்ந்தேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், நிமிர்ந்த என் முதுகு தானாக வளைந்துவிட்டது.

எழுதினது கையில்தான் இருந்தது. வாய்தான் ஒவ்வொன்றையும் தலைகீழாகப் புரட்டியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்று எழுதியிருந்தேன். எங்கள் ஊர்ப் பெயரையே மந்திரம் போல உச்சரித்தவர் என்றேன். பில் புக்கை வீசியது, சுறுசுறுப்பைத் தன் கையாலேயே ஊட்டியதாக மாறியது. வாசலில் நிற்க வைத்த கட்டம் வந்தது. நேரத்தின் அருமையை எங்களுக்கு உணர்த்திய தந்தை என்றேன். தந்தை! பெற்ற நைனாவைக்கூட நான் ஒருநாளும் அப்படிப் புகழ்ந்ததில்லை. "நீங்கள் போனால் இந்த டிப்போ அநாதை" என்று முடித்து, வெட்கமில்லாமல் ஒரு கும்பிடும் போட்டேன்.

மேனேஜர் சால்வையால் கண்ணைத் துடைத்தார். எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்தார்.

"ஏய் வல்லம், இவ்ளோ பாசம் வச்சிருக்கீங்கன்னு தெரியாம போவப் பாத்தேனே!"

அங்கேயே போனை எடுத்து ஹெட் ஆபீஸுக்குப் பேசினார். டிரான்ஸ்பர் வேண்டாமாம். பிள்ளைகளை விட்டுப் போக மனசு வரவில்லையாம். பாழாய்ப்போன ஹெட் ஆபீஸும் உடனே சரி என்றுவிட்டது.

விழாவுக்காக வாங்கின பிரியாணி மூட்டைகளுக்குப் பின்னால் மணந்துகொண்டிருந்தது. கலா அக்கா எழுந்தார். ஹேண்ட்பேக்கைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து மேனேஜர் கையில் கொடுத்தார். தட்டிலிருந்த மாலையை எடுத்துத் தன் கழுத்தில் தானே போட்டுக்கொண்டார்.

"மாலை வீணாப் போவக் கூடாது சார். யாராச்சும் ஒருத்தர் போவணும் இல்ல? நான் போறேன். என் பேரு கலாவதி."

டிப்போவே எழுந்து நின்று கைதட்டியது. நான்? தட்டலாமா என்று மேனேஜர் முகத்தைப் பார்த்தேன். நான் பார்த்ததை அக்காவும் பார்த்துவிட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அதற்கப்புறம் மூன்று வருஷம் இருந்தார் அந்த மனுஷன். பாசம் கூடிப்போனதால் பில் புக் எனக்கு மட்டுமே வந்தது. கலா அக்கா மலையனூரில் பூஜைச் சாமான் கடை போட்டுவிட்டார். அமாவாசைதான் இப்போது அவருக்கு வியாபாரம். போனால் டீ வாங்கித் தருவார். கடைக்கு வந்தவர்களிடம், "இந்தத் தம்பி நல்லா பேசும்" என்று அறிமுகமும் செய்து வைப்பார்.

வீட்டில் கதை வேறு மாதிரி. போன மாதம் என் மனைவியின் பெரியப்பா வந்து பத்து நாள் தங்கினார். மோர் சரியில்லை, மெத்தை சரியில்லை என்று எல்லோரையும் ஒரு வழி பண்ணிவிட்டு, ஒருவழியாகப் பையைத் தூக்கிச் செருப்பை மாட்டினார். மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லலாமே என்று நான் வாயைத் திறந்தேன். அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள் மனைவி.

"நீங்க ஒண்ணும் பேசாதீங்க. பெரியப்பா கிளம்பட்டும்."