நைல் நதிக்கரையில் ஒரு செத்தவீட்டுக் குளிப்பு

களைத்துப்போன ஆட்களை ஒருபோதும் மொழிபெயர்க்க விடக்கூடாது. அவர்களுக்கு எல்லா வசனமும் நீளமாகத்தான் தெரியும். பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்வார்கள். எகிப்தில் நான் விழுங்கியது ஒரேயொரு விஷயம். அதற்காக எங்கள் சுற்றுலாக் குழு முழுவதும் உடுத்த உடுப்போடு நைல் நதிக்கரையில் நின்று தலையில் தண்ணீர் வார்க்க வேண்டிவந்தது.

அந்தப் பயணத்துக்கு நான் ஆசைப்பட்டதற்குப் பிரமிட் காரணமில்லை. (எங்கள் வீட்டில் தோய்க்கக் குவிந்திருக்கும் உடுப்பும் அதே வடிவத்தில்தான் இருக்கும்.) பயண முகவர் தந்த விளம்பரத் தாளில் ஒரு படம் இருந்தது. கப்பலின் மேல்தட்டில், சாய்கதிரையில், வெள்ளைத் தொப்பி போட்ட பெண்ணொருத்தி கால் நீட்டிப் படுத்திருக்கிறாள். பக்கத்தில் ஆறு மெல்லப் போகிறது. அவளிடம் யாரும் "அம்மா, என்ர சொக்ஸ் எங்க?" என்று கேட்கவில்லை. விடிய எழும்பிப் புட்டு அவித்து, மத்தியானச் சாப்பாட்டைக் கட்டி, கொழும்புக் காலி வீதி பஸ்ஸில் நசிந்து கந்தோருக்குப் போய், திரும்பி வந்து இராச்சாப்பாட்டைத் தொடங்குகிற எனக்கு அந்தக் கதிரைதான் எகிப்து. ஒரு பின்னேரம் அதில் படுத்திருக்க வேண்டும், என்னை ஒருவரும் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான் கேட்டேன்.

கணவர் உடனே சம்மதித்தார். சம்மதித்த அதே மூச்சில், "அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவம்" என்றார். அம்மா என்றால் அவருடைய அம்மா, என் மாமி.

மாமி நல்லவர். ஆனால் துடக்கு, தீட்டு விஷயத்தில் ஒரு நூல் இடம் தரமாட்டார். செத்தவீட்டுக்குப் போய்வந்தால் வீட்டுக்குள் கால் வைக்கமுன் வெளியே குளிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கிணறு இருக்கிற வீட்டில் அது சுகம். நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், ஐந்தாம் மாடியில். எங்கள் தொடர்மாடியில் மற்றவர்கள் சத்தம்போடாமல் லிஃப்டில் ஏறி நேரே குளியலறைக்குள் ஓடிவிடுவார்கள். மாமியிடம் அது நடக்காது. கீழே கார் நிறுத்துகிற இடத்தில், கார் கழுவுகிற பைப்படியில்தான் எங்கள் குடும்பம் குளிக்கும். நாங்கள் வெள்ளைச் சேலையோடு ஓட்டோவிலிருந்து இறங்கினாலே வாட்ச்மேன் ஒன்றும் கேளாமல் ஹோஸை எடுத்துத் தந்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பி நிற்பார்.

கெய்ரோவில் வில்லங்கம் ஏதும் நடக்கவில்லை. (என் கால் வீங்கியதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.) வினை லக்சரில் வந்தது. காலையில் அரசர்களின் பள்ளத்தாக்கு, மத்தியானம் கப்பல். நாங்கள் ஏறியதும் கப்பல் வெளிக்கிடும் என்றார்கள். கதிரைக்கும் எனக்கும் இடையில் ஒரேயொரு காலைப்பொழுதுதான் மிச்சம் இருந்தது.

எங்கள் வழிகாட்டி அஷ்ரஃப் கொதிக்கிற வெய்யிலில் நின்றபடி ஆங்கிலத்தில் விளக்கினார். இறந்த அரசர்களின் உடல்களைப் பழுதாகாமல் பதப்படுத்தி, துணியால் சுற்றி, மலையைக் குடைந்து இங்கேதான் அடக்கம் செய்தார்களாம். எல்லாரும் பக்தியோடு தலையாட்டினார்கள்.

"என்ன பிள்ளை சொல்லுறான்?" என்று மாமி என் கையைப் பிடித்தார்.

"ராசாமாரின்ர இடமாம் மாமி."

"மலைக்குள்ளயோ?"

"வெளியில வெக்கையெல்லோ. அதுதான் உள்ளுக்க இருந்தவையாம்."

இதில் பொய் எதுவும் இல்லை. உள்ளேதான் இருந்தார்கள். எந்த நிலையில் இருந்தார்கள் என்பதைத்தான் நான் விழுங்கினேன். சொல்லியிருந்தால் மாமி வெளியில் நின்றிருப்பார், துணைக்கு நானும் அந்த வெய்யிலில் நின்று காய்ந்திருப்பேன். அன்றைக்கு என் புத்தி அவ்வளவுக்குத்தான் வேலை செய்தது.

சரிவான பாதையில் மாமி என் தோளைப் பிடித்து இறங்கினார். சுவர்ச் சித்திரங்களைப் பார்த்து, "எங்கட கோயில் மாதிரி வடிவாய்க் கீறியிருக்கிறாங்கள்" என்று மெச்சினார். அடியில் ஒரு பெரிய கல்லுப்பெட்டி கிடந்தது. அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"இதென்ன, தண்ணித் தொட்டியோ?"

"ஓம் மாமி."

பின்னால் வந்த குணம் மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. கிருலப்பனைக்காரர், விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். பிழையான விடையைக் கேட்டால் திருத்தாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"தொட்டியோ? என்ன தங்கச்சி கதைக்கிறீங்கள்! இதுக்குள்ளதான் சவம் வைச்சவங்கள். இந்த மலை முழுக்கச் சவக்காலையெல்லோ!"

மாமி நெருப்பைத் தொட்டவர்போல் கையை இழுத்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையோடு நானும் அந்தப் பெட்டிக்குள் இறங்கிப் படுத்திருக்கலாம்.

வெளியே வந்ததும் வழக்கு தொடங்கியது. "அம்மா, அவங்கள் செத்து ஆயிரக்கணக்கான வருசம்" என்றார் கணவர். "எங்களுக்கு இனசனமுமில்லை அக்கா" என்றார் மாஸ்டர்.

"செத்தவீட்டுக்குப் போனால் இனசனம் இல்லாட்டியும் குளிக்கத்தானே வேணும்? ஆயிரம் வருசமெண்டால் என்ன தம்பி? சவத்தை எரிச்சவையோ? எட்டுச் செலவு, அந்தியேட்டி எண்டு ஏதும் கிரியை நடந்ததோ? பழுதாகாமல் வைச்சிருக்கினமெண்டு நீங்களே சொல்லுறியள். அப்ப இன்னும் சவம் எடுக்காத வீடெல்லோ!"

மாஸ்டர் தன் கையை ஒருக்கால் மணந்து பார்த்தார்.

கப்பல்துறைக்கு வந்ததும் மாமி படிக்கட்டில் நின்றுவிட்டார். குளிக்காமல் கப்பலில் ஏறமாட்டார். கப்பலில் சாப்பாடு இருக்கிறது, படுக்கை இருக்கிறது, அப்படியென்றால் அது வீடுதான். அஷ்ரஃப் என்னிடம் வந்து, "மேடம், அறையிலேயே ஷவர் இருக்கிறதே?" என்றார். அறைக்குள் போய்க் குளித்தால் அறையும் துடக்காகிவிடும் என்று ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்:

"நான் எத்தனையோ வருடமாக அங்கே போய்வருகிறேனே?"

இதை மட்டும் நான் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். மாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவு காலமும் குளிக்காமலோ வீட்டுக்குப் போறவன்? பாவம், அவன்ர மனிசி."

துறையில் ஒருவர் ஹோஸால் படிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கணவர் கையாலும் காலாலும் ஏதோ கதைத்து அதை வாங்கி என்னிடம் நீட்டினார். (இப்படியான விஷயங்களில் அவர் எப்போதும் எனக்கு முதலிடம் தருவார்.) மாமி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் தலையில் தண்ணீரைப் பிடித்தேன்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் குழுவில் எல்லாரும் எங்களைப் போன்றவர்கள்தான், வெள்ளவத்தை, கிருலப்பனை, ஹெவ்லொக் டவுன் ஆட்கள். அது சவக்காலை என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லாதவரை துடக்கு இருக்கவில்லை, இப்போது ஒட்டிவிட்டது. ஒருவர் குளித்த இடத்தில் மற்றவர் குளிக்காமல் போனால் ஊருக்குத் திரும்பியதும் கதை வரும். முதலில் ஒரு அன்ரி கைப்பையைக் கழற்றி வைத்தார். பிறகு வரிசை உருவானது. கடைசியில் குணம் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, "ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்று தலையைக் குனிந்தார்.

கப்பல்களின் மேல்தட்டுகளில் வெள்ளைக்காரர்கள் கூடிவிட்டார்கள். என்னுடைய சாய்கதிரைகளில் இருந்தவர்கள் எழும்பி நின்று படம் எடுத்தார்கள், கைதட்டினார்கள். எல்லாரும் முடிந்ததும் என் மகள் ஆரணி ஹோஸை வாங்கி, "அம்மா, நீங்களும்தானே உள்ளுக்க போனனீங்கள்" என்று என் தலையில் பிடித்தாள்.

லக்சரில் கப்பல்களை ஒன்றோடொன்று அணைத்துக் கட்டியிருப்பார்கள். எங்களுடையது கடைசியில் நின்றது. மற்றக் கப்பல்களின் பளிங்குத் தரைகளில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஊர்வலமாக நடந்துபோனோம். எங்கள் கப்பல் வாசலில் சீருடைக்காரர் ஒருவர் பணிவாகத் தட்டை நீட்டினார். வெய்யிலில் வருகிறவர்கள் முகம் துடைக்க, குளிர்ந்த ஈரத் துவாய்கள்.

அறைக்குப் போய் எல்லாருடைய ஈர உடுப்பையும் பிழிந்து கொடியில் போட்டேன். கப்பல் ஊதியது. மேலே போகமுன் இடுப்பை ஒருக்கால் நீட்டுவோம் என்று கட்டிலில் சாய்ந்தேன்.

கண்விழித்தபோது ஜன்னலில் ஆறு இல்லை. கையெட்டும் தூரத்தில் இன்னொரு கப்பலின் ஜன்னலும், அதற்குள் ஒரு மனிதர் பல் விளக்குவதும் தெரிந்தன. விடிந்து, அடுத்த ஊரும் வந்துவிட்டிருந்தது. மதகுக்குள் தண்ணீர் நிறைந்து கப்பல் மேலே எழும்பியதையும், சூரியன் ஆற்றுக்குள் விழுந்ததையும் ஆரணி விவரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஒரு பின்னேரத்துக்காகத்தானே வந்தேன்?

"ஏன் என்னை எழுப்பேல்லை?" என்று கணவர்மீது பாய்ந்தேன்.

"மூண்டு தரம் வந்தனான். அம்மா வாசல்ல கதிரை போட்டுக்கொண்டு இருந்தவ. பிள்ளை களைச்சுப்போனாள், ஒருத்தரும் கூப்பிடக் கூடாதெண்டு என்னைத் திருப்பி அனுப்பிப்போட்டா."

இது நடந்து சில வருடங்களாகிறது. இப்போதும் ஞாயிறு மத்தியானங்களில் நான் அறைக்கதவைச் சாத்திப் படுத்தால், "அம்மா எங்க?" என்ற கேள்விக்கு வீட்டில் ஒரே பதில்தான்: "நைல்ல போறா." போன ஞாயிறும் வாசல் மணி அடித்தது. மாமி போய்க் கதவைத் திறந்தார். குணம் மாஸ்டரின் குரல், தங்கச்சி இல்லையோ என்று என்னை விசாரித்தது.

"அவள் நைல்ல போறாள் மாஸ்டர்" என்றார் மாமி. "வர நேரம் செல்லும். இருங்கோ, நான் தேத்தண்ணி போடுறன்."

நான் கண்ணைத் திறக்கவில்லை.