சின்ன அறையை நிறைத்த நோட்டீஸ்கள்

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கத் தேவையே இல்லை. வாரம் மூன்று முறை நீ வேலை பார்க்கும் மெத்தைக் கடையின் நோட்டீஸ் எங்கள் தபால் பெட்டிக்கு வந்து, நீ தெம்பாக இருக்கிறாய் என்று சொல்லிவிடுகிறது. போனில் பேசலாம்தான். பேசினால் உன் அக்கா பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள். விஷயமே அவளைப் பற்றியது என்பதால் பேனாவை எடுத்தேன்.

முதலில் பாராட்டிவிடுகிறேன். அச்சகத்தில் காலமெல்லாம் இயந்திரம் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் நோட்டீஸில் நாலு வண்ணமும் இம்மி பிசகாமல் உட்கார்ந்திருக்கின்றன. அந்த மெத்தைப் படத்தைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வருகிறது. தாள் அதைவிட உசத்தி. தண்ணீரில் போட்டால் ஊறாது, கண்ணாடி துடைக்க உதவாது, மடித்தால் மடங்காது. இவ்வளவு நல்ல தாளை யாரும் கேட்காமலே அடித்து, பார்க்காமலே எறிவதற்குக் கொடுத்தனுப்ப எவ்வளவு தாராள மனசு வேண்டும். எங்கள் கட்டடத்தில் ஆள் இருக்கும் வீடு, பூட்டிக் கிடக்கும் வீடு, என்றைக்கோ காலி செய்துவிட்டுப் போன பல் டாக்டரின் பெட்டி, கரண்ட் மீட்டர் இருக்கும் அலமாரி என்று எதையும் ஒதுக்காமல் ஒவ்வொன்று வருகிறது. போன மாதம் 'இன்றே கடைசி' என்றீர்கள். இந்த மாதமும் அதே கடைசி. விடாமுயற்சி என்றால் இதுதான்.

சிக்கல் எப்படி ஆரம்பித்தது என்றால், நோட்டீஸ் போட வருபவர் ஒரு நாள் நம் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு உன் அக்காவிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். "எங்க பார்த்தாலும் சாக்கடையிலதான்மா கிடக்குது. மேலதிகாரி நேர்ல வந்து பார்த்துட்டுப் போனாரு. இப்படியே போனா நோட்டீஸ் பிரிவையே மூடிடுவாங்கன்னு பேசிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நோட்டீஸ் பிரிவு என்றால் நீயல்லவா. உன் அக்காவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து ஒரு கூடையை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறுகிறாள். யார் பெட்டியிலும், யார் வாசலிலும் உன் நோட்டீஸ் ஒன்றுகூடக் கிடக்க விடுவதில்லை. மூட்டுவலிக்காரி, படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொன்னவள், நாலு மாடியும் ஏறி இறங்குகிறாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா எடைக்குப் போட ஒதுக்கி வைத்ததைக்கூடக் கேட்டு வாங்கி வந்துவிட்டாள்.

அடுத்த முறை அந்த மேலதிகாரி வந்து பார்த்தாராம். தெருவெல்லாம் நோட்டீஸ் பறக்கிறது, எங்கள் கட்டடத்தில் மட்டும் தரை துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது. இங்கே எல்லோரும் ஆசை ஆசையாக எடுத்துப் படிக்கிறார்கள் என்று மனுஷர் முடிவு கட்டி, எங்கள் கட்டடத்துக்கு மட்டும் இரண்டு மடங்காக அனுப்பச் சொல்லிவிட்டார். அந்த உத்தரவில் உன் கையெழுத்தும் இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு மடங்கையும் உன் அக்கா ஒண்டியாகச் சுமக்கிறாள். சின்ன அறையில் இப்போது நோட்டீஸ் என் மார்பளவுக்கு நிற்கிறது. ஜன்னலைத் திறந்து எத்தனையோ நாளாயிற்று.

மகளுக்கு இந்த ஊருக்கே வேலை மாற்றலாகிவிட்டது. மாதக் கடைசியில் கைக்குழந்தையோடு வருகிறாள். அவளுக்கு என்று இருப்பது அந்த ஒரு அறைதான். "எடைக்குப் போட்டுடலாமா?" என்று நயமாகத்தான் கேட்டேன். "வண்டியில ஏத்தறதை அந்த மேலதிகாரி பார்த்துட்டா? என் தம்பி சோத்துல நானே மண்ணைப் போடவா?" என்றாள். இத்தனை வருஷத்தில் எனக்காக அவள் ஒரு மாடி ஏறியதில்லை. பொறாமை என்றே வைத்துக்கொள். ஆனாலும் அந்தக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக அவள் இறங்கி வருவதைப் பார்க்கும்போது, இவள் என் பெண்டாட்டி என்று எனக்குக் கர்வமாக இருக்கிறது.

ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். உன் வேலைக்கு ஆபத்தில்லை, நோட்டீஸை எறியலாம் என்று உன் வாயால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. நான் சொன்னால் எடுபடாது. குழந்தையைப் படுக்க வைக்க இடம் வேண்டும்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. பேரோடும் புகழோடும், இதைவிடக் கொஞ்சம் குறைந்த தாளோடும் நீ நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் நீயே போன் செய்துவிட்டாய். நீ நோட்டீஸ் பிரிவை விட்டுக் கிடங்குக்கு மாறி ஒரு வருஷமாகிறது, "சொல்லவே மறந்துட்டேன்க்கா" என்றாயாம். நான் சந்தோஷத்தில் பழைய பேப்பர்காரருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் கூடையைக் காணோம். ஓடிப் போய்ப் பார்த்தேன். இரண்டாவது மாடியில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். "அதான் உன் தம்பி அங்க இல்லையே?" என்றேன். நிமிராமலே, "இப்ப அங்க இருக்கறவனும் யாரோ ஒருத்தியோட தம்பிதானே" என்றாள். பேப்பர்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகளுக்கு எங்கள் அறையைக் கொடுத்துவிட்டு நாங்கள் கூடத்தில் படுத்துக்கொள்கிறோம். மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. மூன்றாவது மாடியையும் நாலாவது மாடியையும் இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.